நீலக் கோடு போட்ட சுவர்

"ஜன்னலா? சுவத்துக்குள்ள பாக்கறதுக்கா?"

"சின்னதுதான் ஹெஸ்டர். ஒரு ரொட்டித் தட்டு அளவு. கண்ணாடிகூட மாட்டிட்டேன்."

"சுவத்துக்குள்ள என்ன சினிமாவா ஓடுது, ஊர் கூடிப் பாக்க?"

"பரிசு குடுக்கற அம்மா பாப்பாங்க. ஊரும் பாக்கும். ரெல்ஃப் வீட்டுச் சுவர்ல ரெல்ஃப் வீட்டு ஆட்டுக் கம்பளின்னு வாயால சொன்னா எவன் நம்பறான்? கண்ணால காட்டணும்."

ஹெஸ்டரின் கையிலிருந்த கரண்டி கஞ்சிப் பாத்திரத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

"எங்க வெட்டின?"

"முன்னறைக் கணப்படுப்புக்கு மேல. நெஞ்சு உயரத்துக்கு."

"யார் நெஞ்சு?"

"இது என்ன கேள்வி? என் நெஞ்சுதான்."

ஜோனஸ் ரெல்ஃப் ஆறடி இரண்டு அங்குலம். ஹெஸ்டர் ஐந்தடியைத் தொட வேண்டுமென்றால் தடித்த காலுறை போட வேண்டும். ஜோனஸின் நெஞ்சு என்றால் அவளுக்கு நெற்றி. அவள் கரண்டியைப் போட்டுவிட்டு முன்னறைக்கு ஓடினாள். வெள்ளைப் பலகைச் சுவரில், கணப்படுப்புக்கு மேலே, பளபளவென்று ஒரு சதுரக் கண்ணாடி. அதற்குப் பின்னால் சாம்பல் நிறக் கம்பளி, அமைதியாக, வெறும் சாம்பலாக, ஒரு பாவமும் அறியாததுபோல. ஹெஸ்டர் மூச்சை விட்டாள்.

அதற்கு நாலு விரல் மேலே என்ன இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தின் கம்பிரியா மலையில், எங்கள் ரேவன்கில் பள்ளத்தாக்கில், ஆட்டுக்கு மதிப்பு உண்டு, ஆட்டின் மேலிருக்கிற கம்பளிக்குக் கிடையாது. எங்கள் ஹெர்ட்விக் ஆட்டின் மயிர் கம்பி மாதிரி. அதில் ஸ்வெட்டர் பின்னிப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உட்கார்ந்தால் பாவமன்னிப்பே தேவையில்லை, தண்டனை அங்கேயே முடிந்துவிடும். கத்தரிக்கிறவன் வாங்குகிற கூலிக்குக் கம்பளி விலை பாதிகூட வராது. முன்பெல்லாம் களத்திலேயே கொளுத்திவிடுவார்கள். இப்போது கொளுத்தக் கூடாது, புதைக்கக் கூடாது, ஓடையில் போடக் கூடாது என்று அரசாங்கம் மூன்று தடை போட்டிருக்கிறது. பிறகு என்னதான் செய்வது என்று மட்டும் அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஹெஸ்டர் கல்யாணமாகி வந்து ஒன்பது குளிர்காலம். தலைமாட்டில் வைத்த தண்ணீர் காலையில் டம்ளரோடு கல்லாகியிருக்கும். படுக்கையறையில் பேசினால் வார்த்தைக்கு முன்னால் புகை வரும். முன்னூறு வருஷத்துக் கல்வீடு, பெருமை நிறைய, சூடு மட்டும் இல்லை. சுவருக்கும் பலகைக்கும் நடுவே கம்பளியைத் திணித்தால் சூடு வெளியே போகாது, ஈரத்தைக்கூடக் குடித்துவிட்டு வறண்ட நாளில் திருப்பிக் கொடுத்துவிடும் என்று அவள் எங்கேயோ படித்தாள். போன கோடையில் இறங்கிவிட்டாள். ஏழு வாரம் குளியல் தொட்டியில் கம்பளிதான் குளித்தது. ஜோனஸ் முற்றத்தில் ஆட்டுத் தொட்டியில் குளித்தான். அந்துப்பூச்சி அரிக்காமல் இருக்கப் போராக்ஸ் கரைசலில் முக்கியெடுத்து, கல்வேலி நெடுகக் காயப்போட்டாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் சிரித்தான். "என்ன ஹெஸ்டர், வீட்டுக்கு ஜலதோஷமா? சுவத்துக்கு ஸ்வெட்டர் போடறியாமே?"

ஜோனஸும்தான் சிரித்தான். இயற்கைக்கு இதமான வீடு என்று ஒரு பரிசு அறிவித்திருக்கிறார்கள் என்று கடிதம் வந்ததோ இல்லையோ, "அவ கிறுக்குத்தனம்" என்பது "எங்க முயற்சி" ஆனது. விண்ணப்பம் நிரப்பிய அன்று "என் திட்டம்" ஆகிவிட்டது. அந்த விண்ணப்பத்தில் அவன் தன் கையால் எழுதினான்: இச்சுவரின் ஒவ்வொரு இழையும் என் குறி தாங்கிய ஆட்டினுடையது. கையெழுத்துக்குக் கீழே, கேட்காமலேயே, அடையாளப் புத்தகக் காப்பாளர் என்று பதவியையும் போட்டான்.

அங்கேதான் இடி. பண்ணைக்குத்தான் கல்வேலி, மேலே மலையில் வேலி கிடையாது. எல்லோர் ஆடும் ஒன்றாக மேயும். யார் ஆடு என்று சொல்வது முதுகில் போட்ட சாயக்குறி. ரெல்ஃப் வீட்டுக்கு இடது தோளில் சிவப்புப் பொட்டு. பக்கத்துப் பண்ணை வில்ஃப் மொசப்புக்கு வலது இடுப்பில் இரட்டை நீலக் கோடு. ரேவன்கில்லில் பிறந்த பிள்ளை அம்மா முகத்துக்கு அடுத்தபடியாகத் தெரிந்துகொள்வது பக்கத்து வீட்டுக் குறியைத்தான். எல்லாக் குறியும் அடையாளப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை வைத்திருப்பவன் அடுத்தவன் ஆட்டின் ஒரு மயிரைக்கூடத் தன் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால் அவன் காப்பாளன் இல்லை, வேறு பெயர்.

ரெல்ஃப் கம்பளி ஹெஸ்டரின் நெற்றி உயரத்துக்குத்தான் வந்தது. அதற்கு மேலே கூரை வரைக்கும் அறுபத்து மூன்று கம்பளி, அத்தனையும் இரட்டை நீலக் கோடு. கோடு தெரியாமல் உள்பக்கம் திருப்பித் திணித்திருந்தாள். பலகை அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள். சுவரில் ஜன்னல் வைக்கிற ஒரு புருஷன் வாய்ப்பான் என்று யார் கண்டது?

"ஜோனஸ், கம்பளி சுவத்துக்குள்ள சும்மா இருக்காது, கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். இன்னிக்கு மட்டும் கதவை யாரும் ஓங்கிச் சாத்த வேணாம்னு சொல்லிடு, சரியா?"

"நம்ம ஊர்ல கதவை மெதுவா சாத்தறவன் செத்தவன்தான்" என்றான் ஜோனஸ், சீட்டியடித்தபடி.

அன்றைக்கு வருஷத்துக்கு ஒரே தடவை, நவம்பரில் வருகிற ஒப்படைப்பு நாள் வேறு. மலையில் வழிதவறி அடுத்தவர் மந்தையோடு கலந்த ஆடுகளையெல்லாம் ஓட்டிவந்து, குறி பார்த்து, உரியவனிடம் ஒப்படைக்கிற நாள். மேட்ஜ் ஃபிஷரின் விடுதிக்குப் பின்னால் பட்டி. மேட்ஜுக்கு அறுபது வயது, இரண்டே இரண்டு ஆடு, இருநூறு பேருக்குப் போதுமான வாய். அவளுக்கு அன்றைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜோனஸும் மொசப்பும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சியில் ஜோனஸின் கிடாய்க்கு முதல் பரிசு, மொசப்பின் கிடாய்க்கு இரண்டாவது. அத்தோடு சரி.

"மேட்ஜ், அந்த ஆள் பட்டியில என் ஆடு நாலு நிக்குதுன்னு அவர்கிட்ட சொல்லு" என்றார் இரண்டடி தள்ளி நின்ற மொசப்.

"ஜோனஸ், உன் பட்டியில அவர் ஆடு நாலு நிக்குதாம்."

"நாலு இல்ல அஞ்சு, எண்ணத் தெரியாதான்னு கேளு மேட்ஜ். அஞ்சையும் ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லு. நான் அடுத்தவன் பொருளை ஒரு நாள்கூட வெச்சுக்க மாட்டேன்."

ஹெஸ்டர் கையிலிருந்த ஊறுகாய் ஜாடி நழுவப் பார்த்தது.

மதியம் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் ரத்தப் புட்டும் சேர்த்து வேகவைத்த பெரிய சட்டி, கூடவே சிவப்பு முட்டைக்கோஸ் ஊறுகாய். சட்டி காலியானதும் ஜோனஸ் எழுந்து, தலை வளைந்த மேய்ப்பன் கோலால் மேசையில் மூன்று தட்டு தட்டினான். "புத்தகம் மூடியாச்சு." இனி எந்த ஆடு எங்கே தென்பட்டாலும் அடுத்த ஒப்படைப்பு வரை அது இருக்கிற இடத்தில்தான். வைத்திருப்பவன் தீனி போட்டு, மழை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் முறை.

அதை முடித்துக்கொண்டு ஊர் மொத்தமும் ரெல்ஃப் வீட்டுக்குக் கிளம்பியது, பரிசளிப்பைப் பார்க்க. உண்மையில் டீயும் இஞ்சி ரொட்டியும் பார்க்க.

முதல் ஆள் வந்தான். கதவு, டமார். கண்ணாடிக்குள் சாம்பல் கம்பளி அரை விரல் இறங்கியது. ஹெஸ்டர் டீக்கெண்டியோடு கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டாள். அடுத்தவன், டமார். "கதவு, கதவு! கொஞ்சம் பாத்து!" என்றாள். "ஏன், தூங்குதா?" என்று மேட்ஜ் கேட்டு, குதிகாலால் ஒரு உதை விட்டு அதைச் சாத்தினாள். இன்னும் அரை விரல்.

பரிசு கொடுக்க வந்தவள் பெயர் பிலிப்பா கார்சைடு. ஆற்றுத் தண்ணீரைக் காவல் காக்கிற அலுவலகத்து அதிகாரி. பையின் ஒரு அறையில் பரிசுப் பலகை, மறு அறையில் அபராதச் சீட்டுப் புத்தகம். இரண்டுக்கும் ஆள் பற்றாக்குறையில் ஒருத்தியையே போட்டிருந்தார்கள். மலைக்கு வருகிறோம் என்று புதுசாக வாங்கிய, பஞ்சு வைத்த தடித்த கோட்டு, அதற்குள்ளே இன்னொரு கோட்டு. ஐந்து நிமிஷத்தில் வெளிக் கோட்டைக் கழற்றினாள். பத்தாவது நிமிஷம் உள்கோட்டை. மேட்ஜ் தொப்பியைக் கழற்றினாள், அவள் தலைமுடியை நாங்கள் பார்த்தே பல வருஷம். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உரிக்க ஆரம்பித்தார்கள், வெளியே ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தபோது. யாரும் வாய் திறந்து சூடாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னால் கோடை முழுக்கச் சிரித்த சிரிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டுமே.

பிலிப்பா பேசினாள். "இந்தச் சுவர் வெறும் சுவர் இல்லைங்க. இது ஒரு உரையாடல். ஆட்டுக்கும் மனுஷனுக்கும் நடக்கற உரையாடல்."

"ஆடு என்ன சொல்லுதாம்?" என்றாள் மேட்ஜ் பக்கத்து ஆளிடம்.

"முழுக்க முழுக்கச் சொந்த மந்தையோட கம்பளி! மிஸ்டர் ரெல்ஃபோட விண்ணப்பத்தைப் படிச்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மிஸஸ் ரெல்ஃப், கொஞ்சம் நகந்து நிக்கறீங்களா? எல்லாரும் பாக்கட்டும்."

ஹெஸ்டர் நகர்ந்தாள். சாம்பல், வெறும் சாம்பல். கடவுளே, இன்னும் பத்தே நிமிஷம்.

அப்போதுதான் வில்ஃப் மொசப் வந்தார். பேசாதவன் வீட்டுக்கு எதற்கு வந்தார் என்றால், இந்தத் தடவையாவது ரெல்ஃபுக்கு இரண்டாம் பரிசு கிடைக்கிறதா என்று பார்க்க. அவர் கதவைச் சாத்துவது அந்தப் பள்ளத்தாக்கில் மணி பார்க்க உதவும். சாத்தினார். சுவரே உதறியது. கண்ணாடிக்குள் மேலேயிருந்து ஒரு கம்பளிச் சுருள் சாவகாசமாகச் சரிந்து, பாதி வழியில் புரண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியில் ஒட்டி நின்றது.

இரட்டை நீலக் கோடு.

பிலிப்பா மட்டும் கைதட்டினாள். "அட, எவ்ளோ அழகு! நடுவுல நீலம் வெச்சிருக்கீங்க! இது உங்க கற்பனையா மிஸ்டர் ரெல்ஃப்?"

ஜோனஸின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மொசப் மேட்ஜைத் தேடவில்லை. ஒன்பது வருஷம் கழித்து ஜோனஸின் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினார்.

"அது என் ஆடு."

"ஆடு இல்லியே வில்ஃபு, கம்பளிதான்" என்றாள் மேட்ஜ்.

"ஆட்டு மேல இருந்தா ஆடு, சுவத்துல இருந்தா மட்டும் வேறயா? என் குறி எங்க இருக்கோ அது என் பொருள். பலகையைப் பிரிங்க. என் கம்பளியை எடுத்துக்கிட்டுப் போறேன். புத்தகம் வெச்சிருக்கறவராம், காப்பாளராம்! ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு. எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க, கண்ணாடி வேற போட்டுக் குடுத்திருக்கான் மவராசன்!"

ஜோனஸ் ஹெஸ்டரைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. நேரே போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தான்.

"ஜோனஸ், நில்லு."

"அடுத்தவன் குறி என் வீட்ல இருக்கக் கூடாது ஹெஸ்டர்."

"நவம்பர் மாசம்டா! சுவத்தைப் பிரிச்சா மே மாசம் வரைக்கும் நான் மறுபடி பனிக்கட்டியோட படுக்கணுமா? பத்தாவது வருஷமா?"

"கூரை போனாலும் பேர் போகக் கூடாது."

கடப்பாரை பலகை இடுக்கில் நுழைந்தது. முதல் ஆணி கீச்சென்றது. ஹெஸ்டருக்கு அந்தச் சத்தம் பல்லில் கேட்டது. இனி மறைத்து என்ன பிரயோஜனம்?

"நான் திருடல" என்றாள் சத்தமாக. "அதை எங்க எடுத்தேன்னு யாராவது கேட்டீங்களா? நம்ம கீழ்க்கரை ஓடையில. நம்ம பக்கத்து ஓடையில. வருஷா வருஷம் ஜூலை மாசம் கத்தரிச்சு முடிச்ச மறுநாள், மேட்டுல இருந்து கல்வேலியைத் தாண்டி யாரோ உருட்டி விடறாங்க. மீனு செத்து மிதக்குது. மழைக்கு முன்னாடி ஓடிப்போய் அள்ளிக்கிட்டு வந்தேன். குப்பையை அள்ளினது குத்தமா?"

கடப்பாரை நின்றது.

பிலிப்பாவின் கை, பையின் முதல் அறையிலிருந்து இரண்டாவது அறைக்குப் போனது. "ஓடையிலயா? எந்த ஓடை? நாங்க ரெண்டு வருஷமா அந்த ஆளைத் தேடிக்கிட்டிருக்கோம்." பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள். "மிஸ்டர் மொசப், இது உங்க கம்பளின்னு சொன்னீங்க இல்லியா?"

மொசப் கண்ணாடி கிட்டப் போனார். கண்ணைச் சுருக்கினார். பனிமூட்டத்தில் அரை மைல் தூரத்து ஆட்டைக் குறி பார்த்துச் சொல்கிற மனுஷன், மூக்கு கண்ணாடியில் இடிக்க நின்றுகொண்டு சொன்னார்:

"வெளிச்சம் சரியில்ல. இது நீலமான்னே சந்தேகமா இருக்கு."

"வானம் நீலம்னா இது நீலம்" என்றாள் மேட்ஜ்.

"பச்சைன்னு வெச்சுக்கலாம்."

அந்த நொடியில்தான் ஹெஸ்டருக்கு அடையாளப் புத்தகத்தின் முதல் பக்கம் ஞாபகம் வந்தது. ஜோனஸின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் வருஷா வருஷம் அதைப் படியெடுத்து எழுதுகிறவள் அவள்தான். ஊரில் எல்லோரும் அந்தப் புத்தகத்தின் மேல் சத்தியம் செய்வார்கள், படித்தவள் அவள் ஒருத்தி. டீக்கெண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"வில்ஃப் அண்ணே, இது உங்க குறியா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வலது இடுப்பு, ரெண்டு நீலக் கோடு. இது உங்க குறியா?"

"இல்லன்னா இல்ல. எத்தனை தடவைம்மா கேப்ப?"

"மூணு தடவை" என்றாள் ஹெஸ்டர். "முதல் பக்கம், நாலாவது வரி. மூணு தடவை கேட்டு மூணு தடவையும் தன் குறியைத் தன்னுதில்லன்னு சொல்றவனுக்கு அந்தக் குறி இல்ல. அந்தக் குறி போட்ட ஆடு எதுவும் அவன் ஆடு இல்ல, ஊருக்குப் பொது. மலையில உங்க ஆடு எத்தனை இருக்கும் அண்ணே? இருநூத்திப் பத்தா?"

ஆலங்கட்டி ஜன்னலில் படபடவென்று அடித்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் மனசுக்குள் இருநூற்றுப் பத்தைத் தங்கள் எண்ணிக்கையால் வகுத்துக்கொண்டிருந்தார்கள். மேட்ஜின் உதடுகூட அசைந்தது.

"மூணாவது தடவை கேக்கறேன். இது உங்க குறியா?"

மொசப் அபராதச் சீட்டைப் பார்த்தார். மலை இருக்கிற திசையைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை. அறைச் சூடும் ஒரு காரணம்தான்.

"என்னோடதுதான்" என்றார், தொண்டைக்குள். பிறகு ரோஷம் வந்து கத்தினார். "ஆமா, என்னோடதுதான்! ஓடையில தள்ளினதும் நான்தான்! எழுதும்மா, எழுது! ஆனா என்னோடதுன்னு ஆயாச்சு இல்ல? அப்ப என் கம்பளியை என்கிட்ட குடுங்க. இப்பவே. ஜோனஸ், கடப்பாரையைப் பலகையில போடு!"

ஜோனஸ் மறுபடி கடப்பாரையை ஓங்கினான்.

"கோல் எத்தனை மணிக்குத் தட்டின ஜோனஸ்?" என்றாள் ஹெஸ்டர்.

"என்ன?"

"இன்னிக்குப் புத்தகம் மூடியாச்சுன்னு எத்தனை மணிக்குத் தட்டின?"

"ரெண்டு மணிக்கு."

"இப்ப மூணே கால். வழிதவறி வந்த பொருள், புத்தகம் மூடினப்புறம் அடையாளம் தெரிஞ்சா?"

ஜோனஸுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. கையில் கடப்பாரை, எதிரே பரம வைரி, பொய்யாகிப்போன தன் விண்ணப்பம். அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். வெறுங்கால். நவம்பர் மாதத்தில், அப்பன் பாட்டன் பூட்ஸ் கழற்றாத வீட்டில், அவன் காலையிலிருந்து செருப்பில்லாமல் நடந்துகொண்டிருக்கிறான், அதை அவனே இப்போதுதான் கவனிக்கிறான்.

கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து அதன் மொட்டை முனையால் மேசையில் மூன்று தட்டு தட்டினான்.

"அடுத்த ஒப்படைப்பு வரைக்கும் இருக்கிற இடத்துல இருக்கணும்" என்றான். "வெச்சிருக்கறவன் நனையாம பாத்துக்கணும். முறை முறைதான். மேட்ஜ், அவர்கிட்ட சொல்லிடு."

"வில்ஃபு, அடுத்த வருஷம்தானாம்."

பிலிப்பாவின் படிவத்தில் இப்படியொரு கட்டமே இல்லை. கடைசியில் அவள் யாரையும் நோகடிக்காமல் ஒரு வழி கண்டுபிடித்தாள். பரிசு 'கழிவு மறுபயன்பாடு' என்ற பிரிவுக்கு மாறியது. பலகை ரெல்ஃப் வீட்டுக்கு. பத்து நாள் கழித்து மொசப்புக்கு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஓடையை அசுத்தம் செய்ததற்கு அபராதம், அதோடு ஊசி குத்தி, மூலப்பொருள் வழங்கியமைக்கு நன்றிச் சான்றிதழ். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அபராதத்தையும் மாட்ட நினைத்தாராம், ஆணி பத்தவில்லையாம்.

ஆனால் முறையில் இன்னொன்றும் இருக்கிறதே. தன் ஆடு அடுத்தவன் பட்டியில் நின்றால், ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறானா என்று போய்ப் பார்க்க உடையவனுக்கு உரிமை உண்டு. அடுத்த ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கதவு டமாரென்றது.

"பாக்க வந்திருக்கேன்" என்றார் மொசப். கண்ணாடி முன்னால் நின்று உற்றுப் பார்த்தார். "கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கே."

"நல்லாத்தான் சாப்பிடுது அண்ணே" என்றாள் ஹெஸ்டர்.

இப்படி அவசரமாகப் பார்த்துவிட்டுப் போனால் சரியாகத் தெரியாது என்று நாற்காலியை இழுத்துச் சுவரோடு போட்டு உட்கார்ந்தார். முதுகு சுவரில் பட்டது. பத்து நிமிஷத்தில் பூட்ஸைக் கழற்றினார். மூன்று மணிக்குக் குறட்டை. அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும். அவருடைய வீட்டில் டம்ளர்த் தண்ணீர் இன்னும் கல்லாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஜனவரியில் புதன்கிழமையும் சேர்த்துக்கொண்டார். தன் இரண்டு ஆட்டுக் கம்பளியும் அந்தச் சுவருக்குள் போயிருக்குமோ என்று தனக்கு ஒரு சந்தேகம் என்று மேட்ஜும் பின்னலோடு வர ஆரம்பித்தாள்.

மேட்ஜ் இல்லாத நாளில் ஜோனஸ் கண்ணாடியைப் பார்த்துப் பேசுவான். "உன் முதலாளிக்கு டீ வேணுமான்னு கேளு."

மொசப் கண்ணைத் திறக்காமல் கம்பளியிடம் சொல்வார். "ரெண்டு சர்க்கரைன்னு சொல்லு."

இந்த ஜூலையில் ஓடையில் ஒரு மயிரிழைகூட மிதக்கவில்லை. மொசப் தன் கம்பளியைக் களஞ்சியத்தில் அடுக்கிவைத்திருக்கிறார். ஒரு தொட்டித் தண்ணீருக்கு எத்தனை கைப்பிடி போராக்ஸ் என்று யாரோ ஒரு நண்பனுக்காக விசாரித்தார். அவருக்கு நண்பன் கிடையாது என்பது வேறு விஷயம்.

வருகிற சனிக்கிழமை ஒப்படைப்பு. பட்டியலில் ஹெஸ்டர் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்: இரட்டை நீலக் கோடு, வலது இடுப்பு, அறுபத்து மூன்று, ஆடு இல்லாமல் கம்பளி மட்டும். பெயர் கூப்பிட்டதும் மொசப் எழுந்து என்னுடையது என்று சொன்னால், அன்றைக்கே சுவரைப் பிரித்து எடுத்துக்கொண்டு போயாக வேண்டும். ஹெஸ்டருக்கு மறுபடி பனிக்கட்டி, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போச்சு. என்னுடையதில்லை என்று சொன்னால் குறியே போச்சு, இருநூற்றுப் பத்து ஆட்டோடு. மதில்மேல் பூனைக்காவது குதிக்க இரண்டு பக்கம் இருக்கிறது.

போன ஞாயிறு கிளம்பும்போது பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே அவர் ஹெஸ்டரிடம் கேட்டார். "ஏம்மா, சும்மாதான் கேக்கறேன். சனிக்கிழமை ஒருத்தன் கோல் தட்டினப்புறம் வந்தா என்ன ஆகும்?"

"புத்தகம் மூடியாச்சுன்னா அடுத்த வருஷம்தான் அண்ணே."

"ஓஹோ" என்றார். "என் டிராக்டர் வேற கொஞ்ச நாளா இருமிக்கிட்டே இருக்கு."

சொல்லிவிட்டு, அந்தப் பள்ளத்தாக்கின் சரித்திரத்திலேயே முதல்முறையாக, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒரு ஒப்படைப்புக்கும் ஒரு நிமிஷம் தாமதமாக வராத மனுஷன். சனிக்கிழமை ரெண்டு மணிக்குள் வந்துவிடுவாரா, இல்லை அந்த டிராக்டர் வழியில் படுத்துவிடுமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்கள்?